விஜயராணி தைத்த இரண்டு வெள்ளைக் கோட்டுகள்

திருப்பூர்
14.07.2025

அன்புள்ள அபிக்கு,

நலமா? விஜயராணி அம்மா நலமா? கவரின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். என்னுடைய 'ழ'வுக்கு வால் முளைத்திருக்கிறது என்று ரெக்கார்டு நோட்டைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்த வால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

உன் பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அப்பாவின் பனியன் கம்பெனியில் உன் அம்மாவோடு வேலை பார்த்த, செக்கிங்கில் இருக்கும் சின்னத்தாய் அக்காவிடம்தான் இந்த முகவரியை வாங்கினேன். அவர் உடனே தந்துவிடவில்லை. எதற்கு இப்போது என்று கேட்டார். கூடப் படித்தவள், பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரலில் பி.எஸ்ஸி. முடித்தேன். ஜூனிலிருந்து நம் மைக்ரோபயாலஜி துறையிலேயே லேப் அசிஸ்டென்ட். சித்ராதேவி மேடம்தான் இப்போதும் தலைமை. அட்டெண்டர் தங்கவேலு அண்ணன் இன்னும் ஆட்டோகிளேவ் பக்கத்தில் பருப்பு வேகவைக்கிறவர் மாதிரியே நின்றுகொண்டிருக்கிறார். ஜன்னலோரத்து இரண்டாவது மேசை, நம் மேசை, அப்படியே இருக்கிறது. உன் அம்மா நமக்குத் தைத்துக் கொடுத்தாரே, பாக்கெட்டில் பெயர் போட்ட வெள்ளைக் கோட்டு, அதைத்தான் நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தையல்கூட விடவில்லை.

போன வாரம் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு. மேடம் என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார். கோட்டு போடாமல் உள்ளே வராதே. முடியைக் கட்டு. வாயில் எதையும் வைக்காதே, பேனா மூடியைக்கூட. பெட்ரி பிளேட்டில் பெயரை மூடியில் எழுதாதே, அடிப்பக்கத்தில் எழுது, மூடிகள் மாறிப்போகும். எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். கடைசியில் மேடம் எட்டிப் பார்த்து, அந்த விபத்தைப் பற்றியும் சொல், பிள்ளைகளுக்குப் பயம் இருக்கட்டும் என்றார்.

சொன்னேன். "ஒரு மாணவி வெளியிலிருந்து பனியன் வேஸ்ட் துணி கொண்டுவந்தாள். அதில் ஸ்பிரிட் ஊற்றி மேசையைத் துடைத்துவிட்டு பர்னர் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். தீப்பிடித்துக் கையில் காயம்" என்றேன். முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, "ஏனுங்க்கா, அந்த அக்கா இப்ப எங்கீங்க இருக்கறாங்க?" என்று கேட்டாள். கை கழுவி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

வேஸ்ட் கொண்டுவந்தது நான் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று மேடம் கேட்டபோது நான் வாய் திறக்காமல் நின்றுவிட்டேன். அதிலிருந்து இரண்டரை வருஷமாகிவிட்டது. வகுப்பில் அந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை அபி. என் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு தடவை கூப்பிடு.

உன் பக்கத்து நாற்காலிக்காரி,
மோனி

•

காங்கேயம்
02.08.2025

மோனி,

உன் கடிதம் கிடைத்தது. திருப்பூர் முத்திரையைப் பார்த்து அம்மா யார் என்று கேட்டாள். காலேஜிலிருந்து என்றேன். அது பொய்யும் இல்லை.

நான் போன் செய்ய மாட்டேன். நீயும் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் "பரவாயில்லட்டி" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். என் வாய்க்கு அதுதான் பழக்கம். எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் வரமாட்டேன் என்கிறது. ஆகவே எழுது, நானும் எழுதுகிறேன்.

அம்மா இங்கே ஒரு கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துப் பருப்பு எடுக்கிறாள். தையல் மெஷினைத் தொட்டு நாளாயிற்று. நான் ஓர் எண்ணெய் ஆலையில் பேக்கிங்கில் இருக்கிறேன். நாள் முழுக்க பாட்டிலில் லேபிள் ஒட்டும் வேலை. நீ கவலைப்பட வேண்டாம், பாட்டிலில்தான் ஒட்டுகிறேன், மூடியில் இல்லை.

கையைப் பற்றி நீ ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுக்க மடங்காது. பேனா பிடிக்கும், கொஞ்சம் கோணலாக. சோறு பிசைய முடியும். லூப் மாதிரி மெல்லிய கம்பியைப் பிடித்து பிளேட்டில் அகார் ஜெல்லி கிழியாமல் கோடு இழுக்க முடியாது.

மறுபடி சேரலாம் என்று இருக்கிறேன். இரண்டாம் செமஸ்டரிலிருந்து, டிசம்பரில். ஜூனில் காலேஜ் ஆபீஸுக்கு வந்து விண்ணப்பம் கொடுத்தேன். நீ உள்ளே லேபில் இருந்திருப்பாய். இடம் இருக்கிறது, ஆனால் பழைய விசாரணைக் கோப்பு இருக்கிறது என்றார்கள். "என் கவனக்குறைவால், அனுமதியில்லாத துணியை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து விபத்துக்குக் காரணமானேன், மன்னிக்கவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். நவம்பர் முப்பதுக்குள் தராவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். அப்புறம் எனக்குக் காலேஜ் கிடையாது, வயதும் நிற்காது.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

அபிராமி

•

திருப்பூர்
20.08.2025

அன்புள்ள அபிக்கு,

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கையைப் பற்றிக் கேட்காதது தப்புதான். எழுத எழுத அந்த இடம் வரும்போது பேனா தாண்டிப் போய்விட்டது.

நீ திரும்பி வருகிறாய் என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! இதோடு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன், பார். முதல் வருஷத்துப் பிராக்டிகல் எல்லாவற்றையும் ரெக்கார்டு தாளில் உனக்காக எழுதியிருக்கிறேன். மைக்ராஸ்கோப், மீடியா தயாரிப்பு, ஆட்டோகிளேவ், ஸ்ட்ரீக் பிளேட், கிராம் ஸ்டெய்ன், எல்லாம் படத்தோடு. லூப்பைச் சிவக்கக் காய்ச்சிவிட்டு ஆறவிடாமல் கல்ச்சரில் வைத்தால் உள்ளே இருக்கும் பாக்டீரியா செத்துப்போகும் என்று நீதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய், அதையும் மறக்காமல் ஓரத்தில் குறித்திருக்கிறேன். உன் விரலுக்கு ஏற்ற மாதிரி தடித்த பிடி வைத்த லூப் ஒன்று கிடைக்குமா என்று தேடுகிறேன்.

இங்கே பிள்ளைகள் விரல் பதிக்கும் பரிசோதனை செய்தார்கள். பிளேட்டை இரண்டாகக் கோடு போட்டு ஒரு பக்கம் கழுவாத விரல், மறுபக்கம் கழுவிய விரல். மறுநாள் பார்த்தால் கழுவிய பக்கத்திலும் கிருமி கொத்துக் கொத்தாக வளர்ந்திருந்தது. எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். சும்மா நனைத்துவிட்டு வந்தால் தோலுக்குள் இருந்ததெல்லாம் மேலே வந்து நிற்கும் என்று விளக்கினேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு கையெழுத்துதானே அபி? அது ஒரு சடங்கு. கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள், யாரும் எடுத்துப் படிக்கப் போவதில்லை. நீ உள்ளே வந்துவிட்டால் நான் இருக்கிறேன், எல்லாம் பார்த்துக்கொள்வேன். நானும் சமயம் பார்த்து மேடத்திடம் மெதுவாகப் பேசுகிறேன்.

நீ வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,
மோனி

•

காங்கேயம்
11.09.2025

மோனிஷாவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. படங்கள் அழகாக இருக்கின்றன. கிராம் ஸ்டெய்னில் மட்டும் ஆல்கஹாலை ஒரு நிமிஷம் விடச் சொல்லி எழுதியிருக்கிறாய். சில நொடிகள்தான். அவ்வளவு நேரம் விட்டால் ஊதா நிறம் எல்லாவற்றிலிருந்தும் போய்விடும், அப்புறம் ஸ்லைடில் எல்லாமே சிவப்பாகத் தெரியும், எது எந்த வகை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாயா?

இன்னொரு குறையும் இருக்கிறது. நம் ரெக்கார்டில் முதல் பிராக்டிகல் எது? ஆய்வகப் பாதுகாப்பு. நீ இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கிறாய். முதல் தாளில் தலைப்பைப் போட்டு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் இழுத்துவிட்டு, காலியாக விட்டிருக்கிறாய். மறந்திருக்க மாட்டாய்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் படிப்பை நிறுத்திவிட்டுச் சான்றிதழ்களை வாங்க வந்த அன்று கிளார்க் என் கோப்பை மேசையில் விரித்து வைத்துவிட்டு முத்திரை தேடப் போனார். மேலாக இருந்த தாளில், "வேஸ்ட் துணியை அபிராமிதான் கொண்டுவந்தாள். அவள் அம்மா வேலை செய்யும் கம்பெனியிலிருந்து வழக்கமாகக் கொண்டுவருவாள்" என்று இருந்தது. அடியில் இருந்த கையெழுத்தைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. 'வழக்கமாக' என்பதில் வால் இருந்தது.

பேசாமல் நின்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பேசாமல் நின்றவர்கள் வேறு ஆட்கள். நீ எழுதிக் கொடுத்தாய். முதல் கடிதத்தில் சொல்வாய் என்று பார்த்தேன். இரண்டாவதில் சொல்வாய் என்று பார்த்தேன். ஒரு கையெழுத்துதானே என்று எனக்கே சொல்கிறாய்.

நீ அப்படி எழுதிக் கொடுத்த அடுத்த வாரம் என்ன நடந்தது தெரியுமா? வேலை முடிந்து வெளியே வரும்போது உன் அப்பா கம்பெனி கேட்டில் அம்மாவை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள். பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். சோற்று வாளியைத் திறந்து பார்த்தார்கள். பதினோரு வருஷம் அங்கே தைத்தவள். "நல்லாப் பாத்துக்கிடுங்கய்யா, நாளைக்கு நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என் கைக்கட்டை மாற்றிவிட்டு, "ஏட்டி, நீ எதையாவது அங்கயிருந்து எடுத்துட்டுப் போனியா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று கேட்டாள். பெற்றவள் என்னைச் சந்தேகப்பட்ட ஒரே நாள் அது.

எழுதியது யார் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அவள் தைத்த கோட்டு ஒரு தையல்கூட விடவில்லை என்று எழுதியிருந்தாய். விடாது, அவள் தையல் அப்படி.

முதல் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிரப்பு.

அபிராமி

•

திருப்பூர்
28.09.2025

அபி,

தாளை நிரப்பியிருக்கிறேன். இந்தக் கடிதமே அதுதான்.

அப்போது துறையில் மேசை துடைக்கும் பஞ்சு தீர்ந்துபோயிருந்தது. இருந்ததை மேடம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பெருமையாக, எங்கள் கம்பெனியில் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, இதற்குப் போய் அழுவார்களா என்றேன். மறுநாள் ஒரு பை நிறைய வெள்ளைத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். நம் ஊரில் வண்டி துடைக்க, மெஷின் துடைக்க, கை துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதானே. பனியன் வேஸ்ட் என்றால் காட்டன் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நீ மட்டும், "இது பாலியஸ்டர் மாதிரி வழுக்குதே, கொளுத்திப் பாத்தியாட்டி?" என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. பனியன் கம்பெனிக்காரன் மகள் பார்க்காமல் இருந்தேன். அப்பா எந்தத் துணி வந்தாலும் ஒரு நூலை உருவி லைட்டரில் காட்டுவார். காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பல் உதிர்ந்தால் காட்டன், சுருங்கி உருகிக் கட்டியானால் பாலியஸ்டர். எட்டு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாதம் கம்பெனியில் விளையாட்டு டி-ஷர்ட் ஆர்டர் ஓடியது. அத்தனையும் பாலியஸ்டர். அதுவும் எனக்குத் தெரியும்.

ஸ்பிரிட் காயும்வரை பர்னரைப் பற்றவைக்கக் கூடாது. நான் அவசரப்பட்டேன். ஈரத் துணியை பர்னரை ஒட்டி வைத்துவிட்டு, ஸ்பிரிட் பாட்டிலையும் மூடாமல் என் பக்கம் வைத்திருந்தேன். தீ பிடித்ததும் நான் பாட்டிலுக்கு முன்னால் மரம் மாதிரி நின்றேன். நீ லூப்பைப் போட்டுவிட்டு, "தள்ளிப் போட்டி" என்று என்னை ஒரு கையால் தள்ளி, மறு கையால் அந்தத் துணியைக் கீழே தட்டிவிட்டாய். காட்டனாக இருந்திருந்தால் விழுந்திருக்கும். அது உன் விரலில் உருகி ஒட்டிக்கொண்டது. நீ கையை உதற உதற அது போகவில்லை. என் பாட்டில் கவிழ்ந்திருந்தால் என் முகம் போயிருக்கும்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது மேடம் என்னை அழைத்து, அபிராமியின் அம்மா கம்பெனியில்தானே வேலை செய்கிறார், அவள்தான் கொண்டுவந்தாளா என்று கேட்டார். கேள்வியிலேயே பதில் இருந்தது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது. வீட்டில் அப்பா, கம்பெனிப் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார். உன் பெயரை எழுதச் சொல்லவில்லை. அவர்மேல் இதைப் போடமாட்டேன். 'வழக்கமாக' என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்பும்படி இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தேன்.

உன் அம்மாவின் பையைக் கவிழ்த்தது எனக்குத் தெரியாது. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

நான் கெட்டவள் அபி. இரண்டு தடவை மேடத்தின் அறை வாசல்வரை போனேன். போன புதன்கிழமை கதவைக்கூடத் தட்டிவிட்டேன். என்னம்மா என்றார். அகார் தீரப்போகிறது மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேலை போய்விடும் என்று பயம். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். அதைவிட, அந்தப் பிள்ளைகள் என்னை அக்கா என்று கூப்பிடுவது நின்றுவிடுமே என்று பயம்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. அது வந்தால் எனக்குத் தைரியம் வந்துவிடும்.

மோனிஷா

•

காங்கேயம்
19.10.2025

மோனிஷாவுக்கு,

நாளைக்குத் தீபாவளி. அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். பிழிகிற வேலை என்னுடையதாக இருந்தது, இப்போது அவளேதான் செய்கிறாள்.

நீ எழுதியதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, உன் பயங்களைத் தவிர. படித்துவிட்டு அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. கொளுத்திப் பார்த்தாயா என்று நான் கேட்டது உனக்கு நினைவிருக்காது என்று எண்ணியிருந்தேன்.

மன்னித்தேன் என்று ஒரு வரி கேட்கிறாய். நான் எழுதி அனுப்பினால் நீ அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக லேபுக்குப் போவாய். கோப்பில் இருக்கும் தாள் அப்படியே இருக்கும். தெரிந்தவளிடமே திரும்பத் திரும்பச் சொல்வதில் என்ன இருக்கிறது? தெரியாதவர்கள் உன் பக்கத்து அறையில் இருக்கிறார்கள். என் அடுப்படியில் ஒருத்தி இருக்கிறாள்.

நான் இடது கையில் பழகிக்கொண்டிருக்கிறேன். தினக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் வட்டம் போட்டு, ஒரு குச்சியை லூப் மாதிரி பிடித்து, மையில் தொட்டு நாலு பாகமாக ஸ்ட்ரீக் கோடு இழுக்கிறேன். ஆகஸ்டில் எல்லாம் கிறுக்கலாக இருந்தது. இப்போது கடைசிப் பாகத்தில் மை, பிளேட்டில் விழ வேண்டிய மாதிரியே, தனித்தனிப் புள்ளியாக விழுகிறது. தடித்த பிடி வைத்த லூப் தேட வேண்டாம்.

என்ன ஆனாலும் அந்த மன்னிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். இடம் போனால் போகட்டும், லேபிள் ஒட்டிக்கொண்டே இருந்துவிடுகிறேன். நவம்பர் முப்பது ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி. உனக்கு நினைவூட்டுவதற்காகச் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அபிராமி

•

திருப்பூர்
26.11.2025

அபிராமிக்கு,

இன்று காலை கொடுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அத்தனை நாளும் சும்மாதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசி நாள் தாண்டிவிட்டால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்று ஆகிவிடுமே, அப்படியே போய்விடட்டுமே என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். அந்த நினைப்பு வந்த அன்றைக்குத்தான் என்னைப் பார்த்து எனக்கே பயம் வந்தது.

காலையில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் திருப்புதல் வகுப்பு. நான் போர்டில் எழுதாமல் நின்றுகொண்டே சொன்னேன். ஜூலையில் ஒரு விபத்தைச் சொன்னேனே, அதில் துணி கொண்டுவந்த மாணவி நான். கை வெந்தது என் சிநேகிதிக்கு. என்னைத் தள்ளிவிட்டதால் வெந்தது. நான் அவள்மேல் பழியை எழுதிக் கொடுத்தேன், அவள் படிப்பு நின்றுபோயிற்று. அவள் பெயர் அபிராமி. அப்படியே சொன்னேன். அன்று கேட்ட அதே பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கிருந்து நேராக மேடத்தின் அறைக்குப் போய் இரண்டு பக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். நகல் இதோடு இருக்கிறது. அவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நான்தானம்மா அந்தப் புள்ளையத் தப்பா நெனச்சேன். நீ அதுக்குக் கையெழுத்துப் போட்டே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய தாளைக் கோப்பிலிருந்து எடுத்து ரத்து என்று எழுதி, என் கடிதத்தை மேலே வைத்தார். ஆபீஸுக்கு அவரே நடந்து போனார். உன்னிடம் எந்தக் கடிதமும் கேட்க மாட்டார்கள். சேர்க்கை ஆணை உன் முகவரிக்கு வரும். நாளையிலிருந்து நான் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சாவியை ஒப்படைக்கும்போது தங்கவேலு அண்ணன், "அன்னைக்கு நீங்க பையோட வந்தத நாம் பாத்தனுங்க. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். எங்கிட்ட ஆருங்க கேட்டாங்க?" என்றார். இத்தனை நாள் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார் அபி.

மத்தியானம் கம்பெனிக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் ஒரு துண்டுத் துணி இருந்தது. கேட்டுக்கொண்டே அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில், "அந்தம்மா பையப் பாக்கச் சொன்னது நாந்தான் சாமி. நீ எழுதுனத நம்பிச் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. வந்து உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று சின்னத்தாய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். நீ வேண்டாம் என்றால் வரமாட்டார்.

மன்னிப்பைப் பற்றி இனி நான் கேட்க மாட்டேன். உன் அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதி இதே கவரில் தனியாக வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு, கொடுக்கலாம் என்று தோன்றினால் கொடு.

மோனிஷா

•

காங்கேயம்
02.12.2025

மோனிஷாவுக்கு,

ஆணை நேற்று வந்தது. வரும் திங்கள்கிழமை வகுப்பு. ஆலையில் சொல்லிவிட்டேன். காலையில் முதல் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்புவதாக ஏற்பாடு.

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். களத்திலிருந்து வந்து கை கழுவிவிட்டு வாசித்தாள். மெதுவாகத்தான் வாசிப்பாள், உனக்குத் தெரியும். முடித்துவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உங்கிட்டப் போயிக் கேட்டுட்டனேட்டி" என்று மட்டும் சொன்னாள். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் அப்பா வரவேண்டாம். வந்தால் அவள் எழுந்து நின்று நாற்காலி போடுவாள், அதை நான் பார்க்க விரும்பவில்லை.

நீ கடைசி நாள்வரை இருந்துவிடப் பார்த்தாய் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். உன் கடிதங்களிலேயே அந்த வரியைத்தான் நான் முழுக்க நம்பினேன். கொடுத்துவிட்டாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் பரவாயில்லை என்று என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். இனிமேல் நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். உன் கடிதங்களைக் கிழிக்க மாட்டேன்.

ஒரே ஒரு உதவி. திங்கள்கிழமைக்குக் கோட்டு வேண்டும். என்னுடைய கோட்டின் வலது கை அன்றைய தீயோடு முழங்கைவரை போய்விட்டது. அம்மாவிடம் இப்போது மெஷின் இல்லை. கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதற்கு, ஒரே அளவில் இரண்டு தைத்தேனே, ஒன்று நன்றாக இருக்கிறதாமே, அதைக் கேள் என்கிறாள். பாக்கெட்டில் இருக்கும் பெயரை அவளே பிரித்துவிட்டு என் பெயரைக் கையால் தைத்துக்கொள்வாளாம்.

துறையில் கொடுத்துவிடு. தங்கவேலு அண்ணனிடம் சொல்லி ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமி நீக்கி எடுத்து வைக்கச் சொல். லேபில் போட்ட கோட்டை அப்படியே இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.

அபிராமி